கையால் போட்ட எண்

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அறுபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே மேசை. மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று வெள்ளை, கம்பெனியில் செய்தது, நாலு மூலையிலும் முத்திரை ஒட்டியது. மற்றது சாப்பாட்டு டப்பா. அட்டன் டவுனில் போன் திருத்துகிற கிஷாந்த் கொண்டுவந்தது. அதற்குள்ளே சீட்டுக்கட்டு அளவில், ஒரே சுற்றுப்பலகையில் செய்த கணினி ஒன்று இருந்தது.

இரண்டில் எதை நம்பி மலைக்குக் கீழே படுப்பது என்பதுதான் கூட்டம்.

மலை என்றால் ஏழாம் நம்பர் மலை. ஓயாக்கரைத் தோட்டத்து மேல்பிரிவில், பத்து ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பத்துக்காம்பரா லயத்துக்கு நேர் மேலே, உச்சியில் ஒரு வெடிப்போடு நிற்கிறது. வெடிப்பு போன வருசத்து மழையில் வந்தது. அதே மழையில்தான் பக்கத்து நடுலயத்தில் விடியக்காலை மண் இறங்கி, கந்தப்பனையும் அவன் பெண்சாதி பேச்சியம்மாவையும் மூடியது. இதே மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி அப்போதும் மலையில் இருந்தது. மழை கூடினால் சைரன் அடிப்பது அதன் வேலை. அடிக்கவில்லை. டவர் செத்துப்போனதால், கொழும்பிலிருந்து ஏதோ அனுமதி வரும்வரை அது காத்துக்கொண்டு நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சரியாக என்ன நடந்தது என்று கேட்டதற்கு, அறிக்கை உள்விவகாரம் என்று பதில் வந்தது.

சேற்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தோண்டியெடுத்தது கிஷாந்த். மூன்று வாரம் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அதை நோண்டினான். உள்ளே பார்க்க முடியவில்லை. ஒரு பூட்டைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இன்னொரு பூட்டு. இரண்டு பேர் எதனால் செத்தார்கள் என்பது அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிறது, அவனால் வாசிக்க முடியவில்லை. அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. பத்துக்காம்பரா லயத்தின் கடைசிக் காம்பராவில் அவனுடைய அப்பா முத்துலிங்கம் இருக்கிறார். சீனி வருத்தத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அவரை நாற்காலியில் வைத்து, நாலு பேர் பிடித்து, நூற்று நாற்பது படி ஏறிப் பாடசாலைக்குக் கொண்டுபோக இருபத்தைந்து நிமிடம். இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாகிவிட்டது. அதற்குக் குறைய முடியாது.

வெள்ளைப் பெட்டிக்காகப் பேச வந்தவர் தர்சன். யாழ்ப்பாணத்து ஆள், பெட்டியைக் கொடுத்த உதவி நிறுவனத்தின் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. மேலே சொன்னதைக் கீழே சொல்ல அனுப்பப்பட்டவர்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். உம்மட பெட்டி பிழை விட்டால் ஆர் பொறுப்பு?"

"நான்தான் சார்."

"எங்கட பெட்டிக்கு ஒரு கம்பெனியே பொறுப்பு. விளங்குதே?"

"போன வருசமும் அதேதாங்களே பொறுப்பு" என்றாள் பின்வரிசையிலிருந்த சண்முகவடிவு. முப்பது வருசம் கொழுந்து பறித்த கை, வாயும் அதே வேகம். "செத்த வீட்டுக்குக்கூட ஒரு கம்பெனியும் வரலைங்க. டீ போட்டு வச்சுட்டுல்ல பாத்துக்கிட்டிருந்தோம்."

சிரிப்பு வந்தது. தர்சன் சிரிக்கவில்லை.

"எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு உங்க பெட்டி சைரன் அடிக்கும் சார்?" என்று கிஷாந்த் கேட்டான்.

"அது அவையிட கணக்கு. வெளியில சொல்லமாட்டினம்."

"உங்களுக்குமா?"

தர்சன் வெள்ளைப் பெட்டியின் முத்திரையை விரலால் தடவினார். "எனக்கும்தான்."

தலைவர் இராமையா தொண்டையைச் செருமினார். தொழிற்சங்கத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். எந்தப் பக்கம் சாய்வது என்று கடைசிவரை காட்டமாட்டார். "சரிடா கிஷாந்து. ஒன் பொட்டியில மட்டும் என்ன விசேசம்? ஓசில கெடைக்கிற சாமானாமே?"

"ஓசிக்காக எடுக்கலண்ணே. இது கட்டற்ற இயங்குதளம். மொத்தமும் அப்படித்தான். கரண்ட் குடுத்த நிமிசத்துலேருந்து உள்ள ஓடுற ஒவ்வொரு வரியையும் நான் வாசிக்கலாம், நீங்க வாசிக்கலாம், தப்பா இருந்தா மாத்தலாம். யாருகிட்டயும் அனுமதி கேட்டுக்கிட்டு நிக்காது."

"எனக்கு எங்கடா இங்கிலீசு தெரியும்?"

"ஒங்க பேத்திக்குத் தெரியும்ல."

"அவளுக்கு டிக்டாக்குதான் தெரியும்" என்றார் இராமையா. மறுபடியும் சிரிப்பு.

மொத்தமும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் பட்ட பாடு அங்கே யாருக்கும் தெரியாது. முதலில் எல்லாரும் வாங்குகிற பலகையைத்தான் வாங்கினான். மலிவு, எங்கும் கிடைக்கும். அதில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும், அது கண் திறப்பதற்கு முன்பே கம்பெனியின் பூட்டிய கோப்பு ஒன்று முதலில் ஓடுகிறது. அது என்ன செய்கிறது என்று எவனுக்கும் தெரியாது. அதை ஒதுக்கிவிட்டு வேறு பலகை வரவழைத்தான். அது சுத்தமாக எழும்பியது. தொடக்கத்திலிருந்தே திறந்த நிரல். ஆனால் அதில் வைஃபை உயிர் பெறவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: கோப்பு ஒன்று இல்லை. அதுவும் பூட்டிய கோப்பு. இணையத்தில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். போட்டால் மலையில் பலகையை வைத்துக் கோயிலில் சைரனை அடிக்கலாம், கம்பி வேண்டாம்.

"ஒரு பைலுதானே. போட்டுத் தொலை" என்றாள் தங்கச்சி ஜெயந்தினி. அவளும் கொழுந்து பறிக்கிறவள். அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். "ஒன் கொள்கைக்காக மழை நிக்குமா?"

"அந்த ஒண்ணு எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கும்னு எனக்குத் தெரியாதே."

"கிறுக்கு."

கிறுக்குத்தான். இரண்டு இரவு அந்தக் கோப்பைத் தரவிறக்குவதும் அழிப்பதுமாக இருந்தான். மூன்றாம் நாள் வேறு வழி எடுத்தான். பலகையைக் கோயிலின் சாமான் அறைக்குக் கொண்டுவந்துவிட்டான். மலையில் மழைமானியை மட்டும் வைத்தான். அதற்குள்ளே ஒரு சின்னக் கரண்டி; மழைத்தண்ணீர் நிறைந்தால் கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்பும் ஓர் எண்ணிக்கை. அங்கிருந்து கோயில்வரை டெலிபோன் கம்பி. முன்னொரு காலத்தில் கொழுந்து மூட்டைகளை மேலிருந்து தொழிற்சாலைக்குத் தொங்கவிட்டு அனுப்பிய இரும்புத் தூண்கள் இன்னும் மலையில் நிற்கின்றன. அதிலேயே கம்பியை இழுத்தான். இரண்டு மாதம் பிடித்தது. கையில் தோல் போனது.

கூட்டம் எந்தப் பெட்டியையும் தள்ளவில்லை. இரண்டும் இருக்கட்டும், வெள்ளைப் பெட்டி மலையில் மழைமானிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றது. இருபத்துநாலு மணி நேரத்தில் நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் கிஷாந்தின் சைரன் அடிக்கும் என்று கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் தோட்டத்து ஆபீஸ் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. வெள்ளைப் பெட்டி அடித்தால் மட்டும்தான் வேலை நிறுத்தம். அன்றைக்கு முழுப்பேரு உண்டு. வேறு எந்தச் சத்தத்துக்கும் மலையை விட்டு இறங்கினால் பேரு இல்லை, அதாவது அன்றைய நாள் வேலைக்கணக்கில் வராது.

கலையும்போது கிஷாந்த் ஒரு வார்த்தை சொன்னான். கம்பி மூட்டுகளை நினைத்துத்தான் சொன்னான். "மலைக்குப் போறவங்க மேல வைக்கிற ரெண்டையும் கொஞ்சம் பாத்துக்கங்க. உள்ள தண்ணி போச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மழை பிடித்தது. முந்தின மத்தியானமும் இரவும் சேர்ந்து முப்பத்தெட்டு மில்லிமீட்டர் ஏற்கெனவே கணக்கில் இருந்தது. கிஷாந்த் கடைக்குப் போகவில்லை. கோயில் சாமான் அறையில், எண்ணெய் டின்களுக்கும் சப்பறச் சக்கரத்துக்கும் நடுவில், திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பத்து மணிக்குத் தகரக் கூரையில் மழை கல் கொட்டுவதுபோல விழுந்தது. திரையில் முப்பத்தெட்டு. பத்தரைக்கும் முப்பத்தெட்டு. ஆறு மணியிலிருந்து விழுந்தது பூச்சியம் என்றது மிசின்.

கம்பி அறுந்திருக்குமோ என்று பார்த்தான். அறுந்தால் தெரிய வேண்டும் என்று மழைமானி முனையில் ஒரு சின்ன உறுப்பு வைத்திருந்தான். கம்பி போனால் சைரன் தானாகவே அடிக்கும். கம்பி நல்லாத்தான் இருந்தது. நிரலைத் திறந்து மேலிருந்து கீழே வாசித்தான். அவன் எழுதிய வரிதான் தவறு செய்துகொண்டிருந்தது. கரண்டி கவிழவில்லை என்றால் மழை இல்லை என்று அவனே எழுதி வைத்திருந்தான். அவ்வளவுதான். மேலே கரண்டி கவிழாமல் ஏதோ தடுக்கிறது.

தர்சனுக்குப் போன் எடுத்தான்.

"எங்கட பெட்டி பச்சை, தம்பி. ஒரு பிரச்சினையும் இல்லை."

"இன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர் காட்டுது சார்?"

"அளவு காட்டாதப்பா. நிலைமை மட்டும்தான். பச்சை."

அடுத்து ஜெயந்தினிக்கு. அவள் பறிக்கிற கூட்டம் அன்றைக்கு ஏழாம் நம்பரில்தான். நாலாவது தடவைதான் கிடைத்தாள். காற்று அவள் குரலைக் கிழித்தது.

"மழைமானியில ஏதாச்சும் விழுந்து கெடக்குதா?"

"என்னது? ஒண்ணும் விழல. வடிவக்கா மழை பிடிக்கிறதுக்கு முந்தியே ஏறிவந்து உரச்சாக்கு போட்டு மூடிக் கட்டிருச்சு. ரெண்டையும். கொழுந்துச் சாக்கை மூடுற மாதிரி, நல்லா இறுக்கமா. நீதானே தண்ணி போகக்கூடாதுன்னு சொன்ன?"

மழையை அளக்கிற சாமானை மழையில் நனையாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அவன் சொல்லித்தான்.

"நான் போயி அவுக்கட்டா? நாங்க அந்தப் பக்கம் இல்ல, இந்த முனையில நிக்கிறோம்."

"வேணாம். அவுத்தாலும் இனிமே பூச்சியத்துலேருந்துதான் எண்ணும். வெடிப்புப் பக்கம் போகவே போகாத. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இறங்கு."

"கண்டாக்கையா மேல்பார்வைக்கு நிக்கிறாரு. பேரு போயிரும்ங்கிறாரு."

"இறங்கு!"

போன் வெட்டியது.

அவனுக்கு ஓர் அளவு வேண்டும். மிசினுக்கு இல்லாத நாலரை மணி நேரம் வேண்டும். கடைச் சாமான் பையிலிருந்து இரும்பு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினான். சரிவில் இரண்டு தடவை விழுந்தான்.

முத்துலிங்கம் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் நாற்காலியில் இருந்தார். "ஏன்டா இந்த ஓட்டம்?"

"அந்த மதில்ல கோழிக்குத் தண்ணி வைக்கிற பால்மா டின்னு. காலையில காலியாத்தானே இருந்துச்சு?"

"தங்கச்சி ஆறு மணிக்குப் பழைய தண்ணியக் கவுத்து ஊத்திட்டு வச்சுட்டுப் போச்சு. மழை ரொப்பும்னு."

"கூரைத் தண்ணி விழுமா அதுல?"

"அங்க எங்கடா கூரை? கோழிதான் ரெண்டு வாய் குடிச்சிருக்கும்."

டின்னின் பக்கம் நேரானது, வாயும் அடியும் ஒரே அகலம். அடிமட்டத்தை உள்ளே விட்டான். எழுபத்தெட்டு மில்லிமீட்டர். முப்பத்தெட்டும் எழுபத்தெட்டும் நூற்றுப் பதினாறு. கோழி குடித்ததைச் சேர்க்காமல்.

"அப்பா, கெளம்பத் தயாரா இருங்க."

"மேல அந்த வெள்ளைப் பொட்டி அடிக்கலையேடா?"

"அது அடிக்காது."

திரும்பக் கோயிலுக்கு ஓடினான். விரலிலிருந்து தண்ணீர் சாவிகளில் சொட்டியது. நிரலில் மழைமானியின் எண்ணிக்கை வரும் வாசலை அடைத்துவிட்டு, எண்ணைக் கையால் கொடுக்க ஒரு வழி திறந்தான். நாலு வரி. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுபத்தெட்டு என்று அடித்தான். எங்கிருந்து வந்த எண் என்று எழுத ஓர் இடம் விட்டிருந்தான். அதில் பால்மா டின், கிஷாந்த், பதினொன்று இருபது என்று போட்டான். கடைசிச் சாவி ஒன்றுதான் பாக்கி. மலை இறங்காவிட்டால் அறுபது பேரின் பேரு அவன் தலையில். அடுத்த தடவை அவன் சைரனுக்கு ஒரு நாய்கூட எழும்பாது.

அழுத்தினான்.

சைரன் கோயில் கூரையிலிருந்து ஊளையிட்டது.

லயத்தில் முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் வெளியே வரவில்லை. மலையில் கண்டாக்கையா ஆபீசுக்குப் போன் போட்டார். வெள்ளைப் பெட்டி பச்சை, வேலை நடக்கட்டும் என்றது ஆபீஸ். அவர் அதை அப்படியே கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு நடந்ததை ஜெயந்தினிதான் கிஷாந்துக்குச் சொன்னாள். சண்முகவடிவு கூடையைத் தலையிலிருந்து கழற்றி, கொழுந்தோடு அவர் காலடியில் வைத்தாளாம். "ஐயா, இதையும் நீங்களே நிறுத்துக்கங்க" என்றுவிட்டு இறங்க ஆரம்பித்தாளாம். அவள் இறங்கியதும் மற்றவர்கள் இறங்கினார்கள். கடைசியில் கண்டாக்கையாவும் இறங்கினார்.

முத்துலிங்கத்தைத் தூக்க மூன்று பேர்தான் கிடைத்தார்கள். இருபத்தைந்து நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆனது. நடுப்படியில் நாற்காலிக் கால் ஒன்று ஒடிந்தது. "என்னை இங்கனயே வச்சுட்டுப் போங்கடா, காத்து நல்லாருக்கு" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. ஒன்றேகால் மணிக்கு லயத்தில் கோழிகளும் இரண்டு ஆடுகளும் தவிர எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டம்.

இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. பாடசாலையின் ஒரே பெரிய வகுப்பறையில் ஈரத்துணி நாற்றம். பிள்ளைகளுக்குப் பசி. அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்தவள், கருகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆபீசிலிருந்து செய்தி வந்தது: மேல்பிரிவில் இன்றைக்கு யாருக்கும் பேரு இல்லை. அறுபது சோடிக் கண்கள் கிஷாந்தின் முதுகில் ஏறின. அவன் சைரனை நிறுத்திவிட்டு, பலகையையும் திரையையும் அங்கேயே தூக்கிவந்து, சைரன் கம்பியையும் மழைமானிக் கம்பியையும் வகுப்பறை சன்னல்வரை நீட்டி மாட்டியிருந்தான். வேறு யாரையும் பார்க்காமல் திரையையே பார்த்தான்.

மூன்றேகாலுக்குத் தர்சன் வந்தார். வந்த வான் வண்டியைப் பாதையில் விட்டுவிட்டு, படியேறி, முழங்கால்வரை சேறோடு வந்தார். கிஷாந்தின் முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"தம்பி, ஒரு பதில் சொல்லும். எல்லாருக்கும் கேக்கச் சொல்லும். சைரன் அடிச்சது மிசினோ, நீரோ?"

கிஷாந்துக்குக் கணக்குப் புரிந்தது. மிசின் என்று சொன்னால் இவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மிசினைக் கேள்வி கேட்க இங்கே யாருக்கும் தெரியாது. நான் என்று சொன்னால் பாதிப் பேர் எழும்பிக் கறிச்சட்டியைப் பார்க்கப் போவார்கள். போகிற பாதை வெடிப்புக்குக் கீழே. ஒரு பொய் போதும். வெள்ளைப் பெட்டி சொல்லுகிற மாதிரி ஒரு பொய்.

"நான்தான்" என்றான். "மழைமானி பூச்சியம் காட்டிச்சு. எண்ணை நான் கையால போட்டேன். பால்மா டின்ல அளந்து."

திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். அந்த வரி அங்கே இருந்தது.

சத்தம் கிளம்பியது. இராமையா எழும்பினார். "டேய், காலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிக்கிற மாதிரி நீயே ஒரு தகரத்தை எடுத்துத் தட்டியிருக்கலாமேடா! எதுக்கு ரெண்டு மாசம் கம்பி இழுத்த? எங்க பேருல்ல போச்சு!"

"அப்ப ரெண்டு மிசினும் மழை இல்லைன்னுதானே சொல்லுது?" என்றான் ஒருவன். வாசலருகே நாலு பேர் செருப்புத் தேடினார்கள்.

சண்முகவடிவு எழும்பினாள். "செருப்பை வையிங்கடா. மொதல்ல என்னைத் திட்டிட்டுப் போங்க. ரெண்டையும் சாக்குப் போட்டுக் கட்டினது நான்தான். நனையக்கூடாதுன்னு கட்டினேன். அறிவு அவ்வளவுதான்." தர்சன் பக்கம் திரும்பினாள். "சார், உங்க பொட்டியும் அந்தச் சாக்குக்குள்ளதான் இந்த நிமிசம்வரைக்கும் கெடக்குது. கண்ணைக் கட்டிவிட்ட பொட்டி. அது எதைப் பாத்துங்க பச்சைன்னு சொல்லுது? கேட்டுச் சொல்லுங்களேன்."

தர்சன் அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார். அதை அவர் செய்திருக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள். மேல்பிரிவு, ஓயாக்கரை, ஆமாம். காலை ஆறு மணியிலிருந்து மழை பதிவாகவில்லை. எல்லாம் சாதாரண நிலை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

அவள் குரல் பாதி கேட்கவில்லை. கூரையில் மழை அவ்வளவு சத்தம்.

முதலில் சிரித்தது முத்துலிங்கம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும், நல்ல சிரிப்பு இல்லை. செருப்புத் தேடியவர்கள் செருப்போடேயே உட்கார்ந்தார்கள். தர்சன் போனை அணைத்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் சின்ன வாங்கில் ஓரமாக உட்கார்ந்தார். முகத்தில் சேறு காய்ந்திருந்தது.

"அவை என்னையும் இதைத்தான் சொல்லச் சொன்னவை" என்றார் மெதுவாக, யாரையும் பார்க்காமல்.

மத்தியான ஊசி தவறியதில் மூன்றே முக்காலுக்கு முத்துலிங்கத்துக்கு நா வறண்டு வாந்தி வந்தது. ஊசி மருந்து லயத்துக் காம்பராவில், மண்பானைக்குள் இருந்தது. ஜெயந்தினி மழைக்குத் தலையில் படங்குத் துணியைப் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"அஞ்சு நிமிசம். ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

"போகக்கூடாது."

"அப்பாவப் பாரு!"

"பாத்துட்டேன். போகக்கூடாது."

"நீ யாருடா சொல்ல? ஒனக்கு ஒன் மிசினு. ஊசி போடுறது நான்!" அவன் பிடித்த கையை உதறினாள். அவன் விடவில்லை. அவள் அவன் மணிக்கட்டில் நகத்தை அழுத்தினாள். இரத்தம் கசிந்தது. தர்சன் எழும்பி, வானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், நான் தூக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை, கதவை நோக்கி அண்ணனை இழுத்தாள்.

அப்போது சைரன் அடித்தது.

யாரும் எதையும் தொடவில்லை. திரையில் ஒரு வரி புதிதாக வந்திருந்தது: கம்பி இல்லை.

பிறகு சத்தம். மேலிருந்து லாரி ஒன்று கல்லைக் கொட்டுவதுபோலத் தொடங்கி, நிற்காமல் நீண்டது. சன்னலுக்கு வெளியே ஏழாம் நம்பர் மலையின் நடுவில் பச்சை விலகிச் சிவப்பாக ஒரு பட்டை தெரிந்தது. இரும்புத் தூண்கள் மூன்று அந்தப் பட்டையில் நின்றபடியே கொஞ்ச தூரம் வந்தன, பிறகு படுத்தன. பத்துக்காம்பரா லயத்தின் கடைசி நாலு காம்பராக்கள் இருந்த இடத்தில் மண்ணும் தேயிலைச் செடிகளும் ஒரு கதவும் கிடந்தன.

ஜெயந்தினி அவன் கையை விட்டுவிட்டாள். அவளும் அழவில்லை, யாரும் அழவில்லை. இராமையா ஒவ்வொரு குடும்பமாகத் தலை எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள்.

தர்சனும் கண்டாக்கையாவும் இன்னும் இரண்டு பேரும் முத்துலிங்கத்தை மூன்றுகால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வானுக்குப் போனார்கள். ஜெயந்தினியும் போனாள். மழை விடவில்லை. மிச்சம் ஆறு காம்பராவும், கீழே இருக்கிற அடுத்த லயமும் இன்னும் மலைக்கு அடியில்தான்.

கிஷாந்த் மணிக்கட்டைச் சட்டையில் துடைத்துவிட்டு, கரும்பலகையில் இருந்த பெருக்கல் வாய்ப்பாட்டை அழித்தான். மூன்று வரி எழுதினான். எண்ணைக் கையால் போடுவது எப்படி, சைரனை அடிப்பது எப்படி, நிறுத்துவது எப்படி.

"கமிட்டிக்கு மட்டும் சொல்லிக் குடுடா, போதும்" என்றார் இராமையா, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி.

"எல்லாரும் எழுதிக்கங்க" என்றான் அவன் சத்தமாக. "நாளைக்கு நான் டவுன்ல இருந்தா?"

"எவனாச்சும் குடிச்சிட்டு அடிச்சான்னா?"

"யாரு அடிச்சான்னு அதுவே எழுதி வச்சுக்கும்ண்ணே. காலையில வீட்டுக்குப் போயி ஒதைங்க."

போன் இருந்தவர்கள் படம் பிடித்தார்கள். சண்முகவடிவிடம் போன் இல்லை. பேனாவை எடுத்து நீட்டினாள், அடுத்து இடது கையை நீட்டினாள், கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கை.

"இதுல எழுது. மூணையும். பெருசா எழுது, எனக்குக் கண்ணு தெரியாது."

அவன் கரும்பலகையில் இருந்த இங்கிலீசு எழுத்தை அப்படியே எழுதத் தொடங்கினான். இரண்டாவது வரியில் அவள் கையை இழுத்துக்கொண்டு, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இரு. இது என்ன எழுத்து, மொதல்ல சொல்லு."